திறந்த நூலும் வாசிக்காத பக்கமும்: சமர்கந்து விமான நிலையத்தை முன்வைத்து

சென்ற வருடம் உஸ்பெகிஸ்தானுக்கு ஸியாரத் போய் வந்த எங்கள் சாச்சி, சமர்கந்து விமான நிலையத்தின் முன்னால் நின்று எடுத்த படமொன்றை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குரல் பதிவு. "மகள், இந்தக் கட்டடத்தப் பாருங்க. கிதாபு ஒண்டத் தொறந்து வெச்ச மாதிரி இரிக்கி. ஆர்ர கிதாபு எண்டு சாச்சாக்கும் தெரியல்ல. நீங்க படிச்ச புள்ளதானே, சொல்லுங்க."

எனக்குத் தெரிந்திருந்தது. அது உலுக் பேக்கின் நூல், தைமூரின் பேரன், வானியல் அறிஞர், சமர்கந்தை ஆண்டவர் என்று பெருமையோடு நாலு வரி எழுதி அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் அடுத்த பதிவு வந்தது. "அவர்ர கபுறுக்கும் போனதான். அவர்ர மகன்தான் அவரக் கொல்ல வெச்சாம் எண்டு கூட்டிப் போன பொடியன் சொன்னான். மெய்யா மகள்?"

மெய்தான். ஆனால் அந்தக் கேள்வி என்னைச் சங்கடப்படுத்தியது. பாடசாலையில் மீலாத் விழாப் பேச்சுப் போட்டிக்கு வருடா வருடம் பிள்ளைகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பவள் நான். 'விஞ்ஞான வளர்ச்சியில் முஸ்லிம்களின் பங்களிப்பு' என்ற தலைப்பில் மட்டும் எத்தனை பேச்சு எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. எல்லாவற்றிலும் உலுக் பேக் வருவார், அவருடைய அவதான நிலையம் வரும், நட்சத்திரப் பட்டியல் வரும். அவர் எப்படி மௌத்தானார் என்பது ஒன்றில்கூட வந்ததில்லை. சாச்சியின் படத்தை அதன் பிறகு பல தடவை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கட்டடம் செய்திருப்பதும் நான் செய்து வந்ததும் ஒன்றுதானோ என்ற எண்ணத்தில் பிறந்தது இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் சமர்கந்துக்குப் போனதில்லை. படங்களையும் எழுதப்பட்டவற்றையும் வைத்தே பேசுகிறேன். கட்டடத்தின் வசதிகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அது தன் தோற்றத்தால் என்ன சொல்ல வருகிறது என்பதை ஒரு பிரதியை வாசிப்பதுபோல வாசிக்கலாம் என்பதே என் எண்ணம்.

சமர்கந்து நகரின் வடக்கே, நகர மையத்திலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது அந்த விமான நிலையம். சோவியத் காலத்திலிருந்து இயங்கி வந்த பிராந்திய விமான நிலையம் அது. அரசும் தனியாரும் பங்காளிகளாகச் சேர்ந்து கட்டிய புதிய முனையம் 2022 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதே வருடம் செப்டெம்பர் 15, 16ஆம் திகதிகளில் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பின் உச்சி மாநாடு சமர்கந்தில் நடந்தது. உலகத் தலைவர்கள் வந்திறங்கும் வாசலாக அந்த நகரம் தன்னைத் தயார்படுத்திய காலம் அது. அந்த வாசலுக்குத் தெரிந்தெடுத்த வடிவம் திறந்த நூல். உலுக் பேக்கின் நட்சத்திர வரைபடத்தை நினைவூட்டுவதாக அமைத்தோம் என்பதே கட்டியவர்கள் தரும் விளக்கம்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்ட வேண்டும். சமர்கந்துக்கு அடையாளம் தேடுபவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடிய வடிவங்கள் வேறு இருந்தன. தைமூர் அடங்கியிருக்கும் கூர் அமீரின் வரி வரியான நீலக் குவிமாடம் ஒன்று. ரெஜிஸ்தான் சதுக்கத்தின் உயர்ந்த வாசல் வளைவுகள் இன்னொன்று. அவற்றுள் ஒன்றைப் பெருப்பித்துக் கூரையாகப் போட்டிருந்தால் சுற்றுலாப் பயணிகள் படம் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். அதை விட்டு, ஒரு பாட்டனின் வாளைவிடப் பேரனின் நூல் மேலானது என்று தீர்மானித்திருக்கிறார்கள். அதிலும் கணக்கு நூல். நல்ல தெரிவு இது.

நகரத்தின் பெயரைச் சூட்டி விடுவதற்கும் இப்படி ஒரு வடிவத்தைக் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பக்கத்து நாடான கிர்கிஸ்தானின் பிஷ்கெக் விமான நிலையம் 'மனாஸ்' எனப்படுகிறது. கிர்கிஸ் மக்களின் பெருங்காப்பியத் தலைவனின் பெயர் அது. தலைமுறை தலைமுறையாகப் பாடகர்கள் வாய்மொழியாகப் பாடி வந்த காப்பியம். அந்தப் பெயரைத் தாங்கிய விமான நிலையத்திலேயே 2001 முதல் 2014 வரை அமெரிக்க வான்படைத் தளமொன்று இருந்தது. பெயர் தன் பாட்டுக்குப் பலகையில் இருந்தது. விமானங்கள் தம் பாட்டுக்கு ஆப்கானிஸ்தான் யுத்தத்துக்குப் போய் வந்தன. பெயர் எதையும் தடுக்காது, எதையும் சொல்லவும் சொல்லாது. வடிவம் அப்படியல்ல. பார்க்கிறவரை "இது என்ன?" என்று கேட்க வைக்கிறது. எங்கள் சாச்சி கேட்டாரே, அந்தக் கேள்விதான் இந்தக் கட்டடத்தின் வெற்றி.

இனிக் குறையைப் பார்ப்போம். திறந்த நூல் என்றால் எந்த நூலும் ஆகலாம். உலுக் பேக்கின் நூலுக்கே உரிய குணம் என்ன? அதற்கு 'ஸீஜ்' என்று பெயர். வானியல் அட்டவணை நூல் என்று சொல்லலாம். 1437ஐ ஒட்டிப் பாரசீக மொழியில் உருவானது. நாலு பாகம். முதற்பாகம் நாட்காட்டிகள் பற்றியது. இரண்டாவது நேரக் கணிப்பும் அதற்கான கணிதமும். மூன்றாவது கோள்களின் இயக்கமும் நட்சத்திரங்களின் இருப்பிடமும். நாலாவது சோதிடம். ஆம், சோதிடம். இதையும் நான் எந்தப் பேச்சிலும் எழுதியதில்லை.

அந்த நூலைத் திறந்தால் படங்களைவிட எண்களே கண்ணில் படும். அதுவும் நாம் இன்று எழுதும் எண்கள் இல்லை, அப்ஜத் எழுத்துகள். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெறுமானம் கொடுத்து எண்ணாகப் பயன்படுத்தும் முறை அது. எங்களுக்கு அப்ஜத் என்றால் கடைப் பலகையிலும் ஓட்டோவின் முன் கண்ணாடியிலும் இருக்கும் 786தான். மிஞ்சிப் போனால் தாயத்துக் கட்டம். அதே எழுத்துகளை வைத்துத்தான் சமர்கந்தில் பாகையையும் கலையையும் எழுதி 1018 நட்சத்திரங்களுக்கு இடம் குறித்தார்கள். கட்டடத்தைப் பார்க்கும் எங்கள் ஆட்கள் "நம்மட கிதாபு" என்று மகிழ்வதற்கு முன்னால், அந்தக் கிதாபை வாசிக்கும் கணக்கு எப்போது எங்கள் கையை விட்டுப் போனது என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

இரண்டாவது குறை, அந்த நூலை ஒருவருடைய நூலாக மட்டும் காட்டுவது. உலுக் பேக்கே அப்படிக் காட்டவில்லை. நூலின் முன்னுரையில் தன்னோடு உழைத்த மூவரைக் குறிப்பிடுகிறார். ஒருவர் காழி ஸாதா ரூமி. இன்னொருவர் கியாஸுத்தீன் ஜம்ஷீத் அல்காஷி. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்குமான விகிதத்தைப் பதினாறு தசமத்தானம் வரை சரியாகக் கணித்தவர் அவர். காஷானில் இருந்த தன் வாப்பாவுக்கு அவர் சமர்கந்திலிருந்து எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. மூன்றாமவர் அலி குஷ்ஜி. இவருடைய வாப்பா உலுக் பேக்கிடம் வல்லூறு பராமரித்தவர். குஷ்ஜி என்ற பெயரே அந்தத் தொழிலால் வந்தது. முதல் இருவரும் வேலை முடியுமுன் காலமாகிவிட, அலி குஷ்ஜியின் துணையோடு நூலை முடித்ததாக மன்னர் எழுதுகிறார். அந்த இடத்தில் அவரைத் தன் மகன் என்ற உரிமையோடு குறிப்பிடுகிறார்.

மகன் என்ற இந்தச் சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன்.

உலுக் பேக் 1449இல் தன் சொந்த மகன் அப்துல் லத்தீபிடம் போரில் தோற்றார். ஆட்சி போய்விட்டது. ஹஜ்ஜுக்குப் போக அனுமதி கேட்டார், அனுமதி கிடைத்தது. சமர்கந்தை விட்டுப் புறப்பட்டுக் கொஞ்சத் தூரம் போவதற்குள், 1449 ஒக்டோபர் 27ஆம் திகதி, மகனின் சம்மதத்தோடு வழியிலேயே அவர் தலை வெட்டப்பட்டது. அப்துல் லத்தீபும் நீடிக்கவில்லை. சில மாதங்களில் அவனும் கொல்லப்பட்டான். 1941 ஜூனில் சோவியத் ஆய்வாளர் மிகையில் கெராசிமோவின் குழு கூர் அமீர் கபுறுகளைத் திறந்தபோது, உலுக் பேக்கின் கழுத்தெலும்பில் வெட்டு இருந்தது. உடுத்த உடையோடே அடக்கியிருந்தார்கள். ஷஹீத்களை அடக்கும் முறை அது. அடக்கியவர்கள் யாரோ, அவர்கள் தங்கள் தீர்ப்பை அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவதான நிலையமும் அழிந்தது. சுமார் 40 மீற்றர் ஆரையுள்ள பிரமாண்டமான வில்லைக் கொண்டிருந்த மூன்று மாடி வட்டக் கட்டடம், இருந்த இடம்கூடத் தெரியாமல் மண்ணாகியது. 1908இல் வாசிலி வியாத்கின் என்ற ரஷ்ய ஆய்வாளர் பழைய வக்ஃபுப் பத்திரமொன்றில் கண்ட காணி எல்லைக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் அதைத் தோண்டி எடுத்தார். நிலத்துக்குக் கீழே இருந்த வில்லின் பகுதி மட்டும் மிஞ்சியிருந்தது.

கட்டடம் போனது, கட்டியவரும் போனார். நூல் எப்படித் தப்பியது? ஊரை விட்டுப் போனதால் தப்பியது. அலி குஷ்ஜி சமர்கந்தை விட்டு வெளியேறினார். ஹெராத், தப்ரீஸ் என்று போய்க் கடைசியில் இஸ்தான்புல்லில் சுல்தான் முஹம்மத் பாதிஹின் ஆதரவில் ஆசிரியராக இருந்து 1474இல் அங்கேயே காலமானார். உஸ்தாதின் நூலுக்கு உரையும் எழுதினார். ஸீஜின் பிரதிகள் நாடு நாடாகப் போயின. 1665இல் தோமஸ் ஹைட் அதன் நட்சத்திரப் பட்டியலை ஒக்ஸ்போர்டில் இலத்தீனோடு சேர்த்து அச்சிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் டில்லியிலும் ஜெய்ப்பூரிலும் அவதான நிலையங்கள் கட்டிய ராஜா ஜெய்சிங், உலுக் பேக்கின் நூலை முன்னால் வைத்துக்கொண்டே வேலை செய்தார். பெற்ற மகன் கழுத்தை வெட்டினான். மகன் என்று எழுதப்பட்ட மாணவன் நூலைச் சுமந்தான்.

தமிழ்ச் செய்யுளியலில் உருவகத்துக்கும் உள்ளுறைக்கும் வேறுபாடு சொல்வார்கள். உருவகம் வெளிப்படையானது. 'இந்தக் கட்டடம் ஒரு நூல்' என்று கட்டியவர்கள் சொன்னது உருவகம். உள்ளுறையில் சொல்ல வந்த பொருள் வெளியே தெரியாது. சொல்லப்பட்ட காட்சிக்குள் மறைந்திருக்கும். விஷயம் தெரிந்த வாசகன்தான் அதை எடுக்க வேண்டும். இந்த விமான நிலையத்துக்கும் அப்படி ஓர் உள்ளுறை உண்டு என்பது என் வாசிப்பு. சமர்கந்தை விட்டுப் போனதனாலேயே பிழைத்த ஒரு நூலின் வடிவத்தை, சமர்கந்தை விட்டுப் போகிறவர்கள் கடந்து போகும் வாசலுக்கு வைத்திருக்கிறார்கள். பயணம் புறப்பட்டு வழியில் கொல்லப்பட்டவரின் நூல் அது. வல்லூறுக்காரரின் மகன் வெளியே கொண்டு போன அறிவு அது. கட்டியவர்கள் இதை நினைத்துக் கட்டினார்களா என்பது பெரிய விஷயமில்லை. நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ இந்த வடிவத்தை வைத்திருந்தால் வெறும் அலங்காரமாகப் போயிருக்கும். விமான நிலையத்துக்கு வைத்ததால் அதற்கு இப்படியொரு பொருள் கிடைத்திருக்கிறது.

"விமான நிலையத்தில போய்க் கொலைக் கதைய எழுதி வைக்க ஏலுமா?" என்று கேட்பீர்கள். ஏலாது, அப்படிக் கேட்கவும் இல்லை. எந்த ஊரும் தன் வாசலில் நல்ல முகத்தைத்தான் காட்டும். கட்டடம் பாதியைச் சொன்னால் மீதியைச் சொல்ல வேண்டியவர்கள் எழுதுகிறவர்களும் படிப்பிக்கிறவர்களும். நாம்தான் அந்தப் பாதியிலேயே நின்றுவிடுகிறோம். பொற்காலம் பற்றிய எங்கள் கட்டுரைகளும் மேடைப் பேச்சுகளும் விமான நிலைய வாசல்கள் மாதிரியே இருக்கின்றன. பெயர், ஆண்டு, சாதனை, அல்ஹம்துலில்லாஹ் என்று முடிந்துவிடும். அந்த அறிவு ஏன் நின்றது, யார் நிறுத்தினார்கள் என்ற இடம் வந்ததும் வெளியாரைக் குற்றம் சொல்லும் ஒரு வரியோடு தாண்டிவிடுவோம். சமர்கந்தில் அதைச் செய்தது வெளியார் இல்லை.

எங்கள் ஊர்களில் நாம் கண்ணியத்தோடு ஓதும் புகாரி கிரந்தத்தைத் தந்த இமாமும் சமர்கந்துக்கு அருகில்தான் அடங்கியிருக்கிறார். சாச்சி போன ஸியாரத்தின் பிரதான நோக்கமே அந்தக் கபுறுதான். புகாராவில் பிறந்த இமாம் ஏன் அங்கே அடங்கினார்? ஆளுநர் தன் மாளிகைக்கு வந்து படிப்பிக்கச் சொன்னதை மறுத்து, சொந்த ஊரை விட்டு வெளியேற வேண்டி வந்தது. மௌத்து வழியில் வந்தது. மத்திய ஆசியாவின் இரண்டு பெரிய நூல்களுக்குப் பின்னால் இரண்டு வெளியேற்றங்கள். நாம் நூலின் பரக்கத்தைப் பேசுகிறோம், வெளியேற்றத்தைப் பேசுவதில்லை.

உலுக் பேக்கிடம் நாம் கற்க வேண்டிய பண்பு அந்த நட்சத்திரப் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. 1018 நட்சத்திரங்களில் 27 தெற்கே மிகத் தாழ்வாக இருப்பவை, சமர்கந்தில் தெரியாதவை. அவற்றை அவர் தான் பார்த்ததாக எழுதவில்லை. தனக்கு ஐந்நூறு ஆண்டுகள் அளவில் முற்பட்ட அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபியிடமிருந்து எடுத்ததாக எழுதினார். நாட்டை ஆளும் மன்னர், பார்த்ததாகச் சொன்னால் யார் கேட்கப் போகிறார்? பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே எழுதினார்.

சமர்கந்தின் அடிவானத்துக்கு மேலே வராத நட்சத்திரங்களில் மிகப் பிரகாசமானது சுஹைல். தமிழில் அகத்திய மீன் என்போம். எங்கள் வகுப்புகளில் சுஹைல் என்ற பெயரில் எப்போதும் ஒரு பிள்ளை இருக்கும். பெயருக்குரிய நட்சத்திரத்தைப் பார்த்த பிள்ளையை நான் காணவில்லை. பெப்ரவரி இரவுகளில் எங்கள் கடற்கரையில் நின்றால் தெற்கே நன்றாகத் தெரியும். உலுக் பேக் தன் 40 மீற்றர் வில்லை வைத்துக்கொண்டும் காண முடியாத நட்சத்திரம் எங்கள் தலைக்கு மேலே சும்மா நிற்கிறது.

இந்த வருட மீலாத் போட்டிக்கு அதே தலைப்பில்தான் பேச்சுக் கேட்டார்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளையொருத்திக்குப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். சோதிட பாகம், அந்த 27 நட்சத்திரங்கள், மகன், மாணவன் எல்லாவற்றையும் சேர்த்தேன். பிள்ளை நன்றாகப் பேசினாள். மூன்றாம் இடம். நடுவராக வந்த ஒருவர் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "நல்ல பேச்சு டீச்சர், அந்த மகன் விஷயத்த மட்டும் விட்டிருக்கலாமே, நம்மட ஆக்கள நாமளே கொறச்சுப் பேசுறதா?" என்றார். அவர் நல்ல மனிதர். போன வருடம் வரை நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. பிள்ளைதான் சொன்னாள்: "சேர், மகன் விஷயத்த விட்டா, மாணவன் விஷயத்தையும் விடணுமே."

சாச்சியின் கேள்விக்கு அன்று நாலு வரியில் அனுப்பிய பதில் போதாது என்று எனக்குத் தெரியும். ஆர்ர கிதாபு என்று கேட்டார். உலுக் பேக்கின் கிதாபுதான் சாச்சி. அலி குஷ்ஜியின் கிதாபும்தான். இந்தக் கட்டுரையை நோன்புப் பெருநாளைக்கு ஊருக்குப் போகும்போது அவருக்கு வாசித்துக் காட்ட எண்ணியிருக்கிறேன்.